கம்பி கரையேற இருந்த வளவு

எங்கள் தெருவில் முனவ்வறா ராத்தாவிடம் அடி வாங்காத ஆண்கள் குறைவு. இதை நான் பெருமையாகவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் யாரிடம் விசாரித்தாலும் அவரைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். வாய் திறக்குமுன் அவருக்குக் கை ஓங்கிவிடும். தேங்காய் பறிக்க வந்தவன் சொல்லாமல் ஒரு இளநீரை வெட்டினால் கன்னம் சிவந்துதான் வீட்டுக்குப் போவான். நிறுவையில் கள்ளம் செய்த மீன் வியாபாரியை அவனுடைய தராசுத் தட்டாலேயே சாத்தியிருக்கிறார். நான் காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடியதும் அதே கைதான். நான் அடுத்த வளவுக்காரி, பள்ளிக்கூட ரீச்சர். எனக்கு அந்தக் கையின் இரண்டு குணமும் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டுக் கலவரம்தான் அவரை இப்படி முரடாக்கியது என்று சிலர் கதைப்பார்கள். பொய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் தொண்ணூறில் ஒன்று நடந்தது. அவருடைய ஒரே தம்பி வயலுக்குப் போன இடத்தில் வெட்டுப்பட்டுச் செத்தான். வெட்டியது யார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உடலை எடுத்துவர ஆண்களில் ஒருவரும் துணியவில்லை. ராத்தா மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு தனியே போய், தம்பியைப் பாயில் சுற்றி எடுத்து வந்தார். வழியில் சோதனைச் சாவடியில் ஒருவன் துப்பாக்கி முனையால் பாயை விலக்கப் பார்த்தான். ராத்தா துப்பாக்கியைத் தட்டிவிட்டார். அவன் அதைத் திருப்பிப் பிடித்து அவருடைய தோள் எலும்பில் ஓங்கி இடித்தான். எலும்பு உடைந்த தோளோடு வண்டியை ஓட்டி ஊர் வந்து சேர்ந்தார். தம்பியை அடக்கும்வரை வலிக்கிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. அந்த எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இங்கே வீடும் வளவும் பெண்ணுக்கு. உம்மா மகளுக்குக் கொடுப்பார், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து குடியேறுவார். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். முனவ்வறா ராத்தா தன் மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்த அன்றே வீட்டை விட்டு இறங்கி, பின்பக்கக் குசினியில் பாயைப் போட்டுக்கொண்டார். இனி இளையவள் ஸப்னா. அவளுக்கென்று இருந்தது கடலோரத்தில் ஒரு சின்ன வளவு. அதை விட்டால் வேறு துண்டு நிலம் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல், நடுவில் வேலிக்கு வேலி முட்டிக்கொண்டு கிடக்கிற ஊர் எங்களுடையது. ராத்தா தானே மண் சுமந்து, தானே கல் அறுத்து அந்த வளவில் அத்திவாரம் போட்டிருந்தார். சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. மாப்பிள்ளையும் பேசியாயிற்று. கரைவலை முதலாளி ஆதம்பாவாவின் மகன் ஸஹீத். வீடு எழும்பியதும் நிக்காஹ்.

ராத்தாவின் புருசன் சீனிமுகம்மது மச்சானைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிந்தவூர்க்காரர். நெல் மில்லில் மூட்டை தூக்குவார். அவருடைய உம்மாவின் வீடு வழக்கப்படி தங்கைக்குப் போயிற்று. இங்கே ஊர் அவரை "முனவ்வறாட மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடும். அவருடைய சொந்தப் பேரைக் கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் "ஓம்" என்பார். சந்தைக்குப் போங்க என்றாலும் ஓம், போக வேண்டாம் என்றாலும் ஓம். அந்த மனுசனை ராத்தா அதுவரை ஒரு நாளும் அடித்ததில்லை. அடிக்க இடமே தராத மனுசன்.

தொண்ணூற்றேழில் காற்றாடிக் கதை வந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று எங்கள் கடலுக்குள் பெரிய பெரிய காற்றாடிகளை நடப்போகிறதாம். அவை சுற்றிக் கரண்ட் எடுக்குமாம். கரண்ட் கடலடியால் கம்பியில் வந்து கரையேறி, அங்கே ஒரு கட்டடத்துக்குள் புகுந்து, பிறகு இரும்புத் தூண்களில் வயல்வெளிக்கு மேலால் போய் நாட்டின் பெரிய லைனோடு சேருமாம். அடிக்கடி கரண்ட் போய்க் குப்பிவிளக்கைக் கொளுத்திக்கொண்டிருந்த எங்களுக்கு இதைக் கேட்கச் சிரிப்பாக இருந்தது.

அளக்க வந்தவர்கள் ஸப்னாவின் அத்திவாரத்துக்கு நடுவே சிவப்பு மை பூசிய முளைக்கட்டை ஒன்றை அறைந்தபோது சிரிப்பு நின்றது. ராத்தா கடற்கரையில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். ஓடிப் போய் முளையைப் பிடுங்கினார். அறைந்தவன் தடுக்க வந்தான். அந்த முளையாலேயே அவன் தலையில் போட்டார். இரத்தம் கண்ணுக்குள் வழிய அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். மற்றவன் மூன்று கால் கருவியை அப்படியே விட்டுவிட்டு வாடிப் பக்கம் ஓடினான். வாடி என்றால் கரைவலைக்காரர் தங்கும் ஓலைக் கொட்டில். அதற்குள் ஒளிந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றானாம்.

பொலிஸ் வந்தது. அவர்களில் பெரியவர் நல்ல மனிதர். கம்பி எங்கே கரையேறுவது என்று ஊரைக் கேட்கக் கூட்டம் வைக்கிறார்கள், விருப்பமில்லை என்றால் அங்கே வந்து சொல்லுங்கள், ஆளை அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்தா முளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. குசினிக் கூரை இறவாணத்தில் சொருகி வைத்தார்.

ஒலிபெருக்கி கட்டிய வேன் தெருத் தெருவாகப் போய் "குடும்பத் தலைவர்கள் தவறாமல் வரவும்" என்று கத்தியது. கேட்டுக்கொண்டிருந்த ராத்தா புருசனைக் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்க, ஆம்பிளையளத்தான் கூப்பிடுறாங்க. போய் 'தரமாட்டம்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லிட்டு வாங்க. வேற ஒண்டும் கதைக்க வேணாம்."

"ஓம்" என்றார் மச்சான்.

கூட்டம் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. தேத்தண்ணி கொடுக்கும் வேலை எனக்கு என்பதால் உள்ளே நின்றேன். ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் வெளியே, யன்னல்களுக்கு அந்தப் பக்கம். முன்னால் மேசையில் கொழும்பு எஞ்சினியர் ஒருவர், ஒரு வெள்ளைக்காரர், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து வந்த அழகரெத்தினம் ஐயா. காரைதீவுக்காரர். தமிழரும் முஸ்லிம்களும் பகைத்துக் கிடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழர் எங்கள் முஸ்லிம் ஊருக்குள் வந்து மைக்கைப் பிடிப்பது லேசான காரியமில்லை. வாசலில் துப்பாக்கியோடு காவல் நின்றது. சுவரில் எங்கள் கரையைப் பெரிதாக வரைந்த படம் தொங்கியது.

மூன்று இடங்களில் ஒன்றில்தான் கம்பி கரையேற முடியும் என்று ஐயா விளக்கினார். வடக்கே ஆதம்பாவா வலை இழுக்கும் கரை. நடுவே ஊரின் மையத்துகளை அடக்கும் மையவாடி. தெற்கே ஒரு வெறும் வளவு.

அரைச்சுவரும் அத்திவாரமும் படத்தில் வெறும் வளவாக இருந்தன.

ஆதம்பாவா எழும்பினார். வலை இழுக்கிற ஆட்கள் பின்வரிசை நிறைய அவரோடு வந்திருந்தார்கள்.

"கம்பி என்ட கரைக்குள்ள வந்தா வலை மாட்டும். வலை மாட்டினா நாங்க கம்பிய வெட்டமாட்டம். போட்டவன்ட கால வெட்டுவம்."

பின்வரிசை கதிரைகளைத் தரையில் தட்டியது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் ஒருவர் நடுங்கும் குரலில், "மையத்துகளக் கிண்டியா கரண்ட் எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். மண்டபம் கொதித்தது. யாரோ ஒரு இளந்தாரி, "காத்து எங்கட, கடல் எங்கட, கரண்ட் மட்டும் கொழும்புக்கா?" என்றான். முதலில் பெரிய லைனுக்குப் போகும், அங்கிருந்து எல்லாருக்கும் வரும் என்று எஞ்சினியர் சொன்னதை ஐயா தமிழில் சொன்னார். "எங்கட தெருவுக்கு எப்ப?" என்றான் அவன். எஞ்சினியர் மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினார்.

இரண்டு இடம் அடிபட்டுப் போயிற்று. எல்லாக் கண்களும் படத்தில் மூன்றாவது இடத்தைப் பார்த்தன.

"இந்த வளவுக்காரர் ஆர்?" என்று கேட்டார் ஐயா.

அங்கே இருந்த அத்தனை ஆண்களுக்கும் அது யாருடைய வளவு என்று தெரியும். ஒருவராவது "அது முனவ்வறாட" என்று வாய் திறக்கவில்லை. ஆண்கள் கூட்டத்தில் பெண்ணின் பேரைச் சொல்வது மரியாதையில்லையாம்! ஆதம்பாவா குனிந்து மச்சானின் முதுகைத் தட்டினார்.

"எழும்புங்க மச்சான். நீங்கதானே காணிக்காரர்."

மச்சான் எழும்பினார். ஐயா பேரைக் கேட்டார். சொன்னார். அது மைக்கில் திரும்பி வந்தது: "காணிச் சொந்தக்காரர் சீனிமுகம்மது அவர்களே." மண்டபம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. வெள்ளைக்காரர் தலையைத் தாழ்த்தி மரியாதை செய்தார். மச்சானின் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த மனுசனை அன்று வரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"வேற காணி ஒண்டு தேடித் தருவம் எண்டு சொல்லுறாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

"ஓம்" என்றார்.

ஒலிபெருக்கியில் அது யன்னலுக்கு வெளியேயும் கேட்டது.

"சீனிமுகம்மது!"

எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ராத்தா ஆண்கள் வாசலால் உள்ளே வந்தார். முந்தானைக்குள் முளைக்கட்டை இருந்தது. காவலுக்கு நின்றவன் விளங்கிக்கொள்வதற்குள் நடுவரிசைக்கு வந்துவிட்டார்.

"ஆர்ர வளவ ஆருக்குடா குடுக்கிறாய்?"

மச்சான் விலகவில்லை. அந்த வெளிச்சம் முகத்தில் அப்படியே நிற்க, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முளை திறந்த வாயின் பக்கவாட்டில் விழுந்தது. தாடை உடைந்த சத்தம் பின்வரிசைக்கும் கேட்டது. பல் இரண்டு கதிரைக்கடியில் சிதறின.

அடுத்த அடியை ஆதம்பாவாவுக்குத்தான் ஓங்கினார். வலைக்காரன் ஒருவன் பின்னாலிருந்து கையைப் பிடித்து முறுக்கினான், அந்தக் கோணல் தோளில். ராத்தா அவன் மணிக்கட்டைக் கடித்தார், சதையோடு. ராத்தாவின் மூத்த மருமகன் கதிரையைத் தூக்கி வலைக்காரனின் முதுகில் அடித்தான். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல என்னால் முடியாது. கதிரைகள் பறந்தன. யன்னல் கண்ணாடி நொறுங்கியது. மையவாடிக் கோபமும் கரைக் கோபமும் கரண்ட் இல்லாத கோபமும் ஏற்கெனவே அங்கே இருந்தன, ஒரு அடி விழுந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. எஞ்சினியரின் நெற்றியும் ஐயாவின் நெற்றியும் பிளந்தன. படத்தைக் கிழித்து மிதித்தார்கள். மாப்பிள்ளை ஸஹீத் தன் சொந்த வாப்பாவை நெஞ்சில் பிடித்துச் சுவரோடு அழுத்தி, "ஒங்கட கரையக் காப்பாத்த என்ட வீட்டையா குடுத்தீங்க?" என்று கத்திக்கொண்டே குலுக்கினான். காவல்காரர் உள்ளே புகுந்து கண்டவரையெல்லாம் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள். ஒருவன் கூரைக்குச் சுட்டான். ஓடு பொலபொலவென்று கொட்டியது. சனம் ஒரே வாசலால் முண்டியடித்து ஓடியது.

மச்சான் தரையில் கிடந்தார். அவருக்கு மேலால்தான் ஓடினார்கள். நானும் ஐயாவும் அவரை மேசைக்கடியில் இழுத்தபோது இடக்கை தோள்மூட்டிலிருந்து விலகித் தொங்கியது. நெற்றியில் இரத்தம் ஓட ஐயா எனக்குச் சொன்னார், "ரீச்சர், நானும் மனிசிட வீட்டிலதான் இருக்கிறன். அந்த அம்மாவைத்தான் நான் கேட்டிருக்க வேணும்." காரைதீவிலும் இதே வழக்கம்தான். தெரிந்த மனிதர், மைக்கைப் பிடித்ததும் மறந்துவிட்டார். ஆனால் அவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தலையில் கட்டோடு பொலிசுக்குப் போய், யார் மீதும் முறைப்பாடு இல்லை என்று சொல்லி, பிடித்து வைத்திருந்த ராத்தாவை வெளியே எடுத்தவர் அவர்தான்.

கம்பனிக்காரர் பிறகு வரவில்லை. எங்களுடைய அடிதடிதான் காரணமா, நாட்டுச் சண்டை காரணமா, தெரியாது. கடலில் ஒரு காற்றாடியும் சுற்றவில்லை. கம்பி வடக்கேயும் ஏறவில்லை, தெற்கேயும் ஏறவில்லை. வராத ஒன்றுக்காக உடைந்ததெல்லாம் உடைந்தபடி கிடந்தது.

மச்சானின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பொருந்தியது கோணலாகத்தான். கீழ்த்தாடை ஒரு பக்கம் இழுபட்டுத் தொங்கும். வலது உள்ளங்கையால் அதைத் தாங்கிப் பிடித்தால்தான் சொல் சொல்லாக வரும், இல்லாவிட்டால் எச்சிலும் முனகலும். இடக்கை இடுப்புக்கு மேல் உயராது. ஆசுபத்திரியிலிருந்து நேரே நிந்தவூருக்குப் போனார். அங்கே தங்கையின் வீடும் அதற்குள் தங்கையின் மகளுக்குப் போயிருந்தது. ஒரு வாரம் விறாந்தையில் படுத்துவிட்டுத் திரும்பி வந்து, ஆதம்பாவாவின் வாடியில் ஒதுங்கினார். பழி உறுத்தியதோ என்னவோ, ஆதம்பாவா இடம் விட்டார். கருவாட்டுக்குக் காகம் விரட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார்.

ராத்தா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் கோணல் தோளோடு மண் சுமந்தார். சுவர் எழும்பியது, கூரை ஏறியது. வாடியிலிருந்து பார்த்தால் புது வீடு தெரியும், வீட்டிலிருந்து பார்த்தால் வாடி தெரியும். ஒரு நாள் வேலியோடு நின்று கேட்டேன்.

"ராத்தா, மச்சானப் போய்ப் பார்க்கல்லியா?"

"அந்த ஆள் தந்த 'ஓம்' இரிக்கே, அது என்ட புள்ளைர கழுத்த அறுத்த ஓம் புள்ள. நான் பார்க்கமாட்டன்."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

நிக்காஹ் நாள் வைத்தபோது ஸப்னா ஒரே பிடியாக நின்றாள். பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் வாப்பா. வாப்பா உயிரோடு இருக்க வேறொருவர் கொடுத்து எனக்கு நிக்காஹ் வேண்டாம் என்றாள். ஸஹீத் வாடிக்குப் போய் மச்சானைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சாரன் உடுத்திக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த வீட்டுக்குள் அவர் அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கால் வைத்தார்.

முன் அறையில் ஆண்கள், திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். ராத்தா எனக்குப் பக்கத்தில் இருந்தார். மச்சானின் வலக்கையும் மாப்பிள்ளையின் வலக்கையும் சேர்ந்து பிடித்தபடி இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது, தாடையைத் தாங்க அவரிடம் வேறு கை இல்லை. நிக்காஹ் நடத்த வந்த லெவ்வைக்கும் அது விளங்கியது.

"சீனிமுகம்மது காக்கா, ஒங்களுக்குக் கதைக்கக் கஸ்டம். எனக்கிட்டப் பொறுப்புத் தாறதா தலையாட்டினாக் காணும். ஒங்கட இடத்தில நானே சொல்லிக் குடுக்கிறன்."

மச்சான் தலையாட்டவில்லை. "என்ட... மகள்" என்றார். அதற்கே எச்சில் வழிந்தது. "நான்தான்... குடுப்பன்."

லெவ்வை சொல்லிக் கொடுத்தார். மச்சான் தொடங்கினார். தாடை நழுவியது. மகளின் பேர் வெறும் காற்றாக வந்தது. திரும்பத் தொடங்கினார். பின்னால் இருந்த ஒரு இளந்தாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

திரை கிழிந்தது. நாங்கள் நாலு பேர் ராத்தாவின் முக்காட்டைப் பிடித்தும் முடியவில்லை. ஆண்கள் பதறி ஒதுங்கினார்கள். சிரித்தவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். ராத்தா அவனைப் பார்க்கவே இல்லை. புருசனுக்கு முன்னால் முழங்காலிட்டு வலக்கையை நீட்டினார். மச்சானின் உடம்பு தூக்கிவாரிப் போட்டது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ராத்தா உள்ளங்கையை அந்தத் தாடைக்கடியில் கொடுத்துத் தாங்கினார்.

"சொல்லுங்க" என்றார்.

மச்சான் கண்ணைத் திறந்தார். பிறகு சொன்னார். என் மகள் ஸப்னாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று, ஒரு எழுத்துப் பிசகாமல், தெருவுக்குக் கேட்கச் சொன்னார். ஸஹீத் ஏற்றுக்கொண்டான். ஆதம்பாவா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை தாங்க முடியவில்லை, வாய் விட்டு அழுதேன்.

சோறு முடிந்து சனம் கலைந்தபோது மச்சான் எழும்பிச் செருப்பைத் தேடினார். ராத்தா வாசற்படியில் நின்றார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு வாங்க."

மச்சான் வலது உள்ளங்கையால் தாடையைப் பிடித்துக்கொண்டார். கோபமாகவோ குத்தலாகவோ அவர் அதைக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஆர்ர வீட்டுக்கு?"

ராத்தா வாயைத் திறந்தார். கை ஓங்கவில்லை, சொல்லும் வரவில்லை. மச்சான் செருப்பை மாட்டினார். பிறகு வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, புது வேலியைச் சுற்றி, வாடிப் பக்கம் நடந்து போனார்.